தூக்குக்குண்டும் துருவ நட்சத்திரமும்: தாராவிக் கொத்தனார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மேஸ்திரி அண்ணாச்சிமாருக்கும், கரண்டி பிடிக்கிற தம்பிமாருக்கும், கலவைச் சட்டி சுமக்கிற அக்காமாருக்கும்:

இது கூலி உயர்வு பற்றிய மடல் இல்லை. மும்பைத் தாராவியின் மறுசீரமைப்பில் யாருக்கு வீடு உண்டு, யாருக்கு இல்லை என்பது பற்றியும் இல்லை. அதற்கெல்லாம் கூட்டம் போட்டுப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது உங்கள் பைக்குள் கரண்டியோடும் மணியாசுக் கட்டையோடும் கிடக்கிற தூக்குக்குண்டைப் பற்றி. ஒரு நூல், நுனியில் பித்தளைக் குண்டு, மேலே ஒரு சின்னக் கட்டை. இதையும் வானத்து நட்சத்திரத்தையும் சேர்த்து வைத்துத்தான் இந்தத் தேசத்தை அளந்தார்கள். இமயமலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். உங்களிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுதுகிற நானும் மேஸ்திரி மகன்தான். தாராவியில் வளர்ந்து, பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இரண்டு பக்கத்துப் பேச்சும் தெரிந்தவன் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

உங்கள் வேலையை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு ரூம். மேலே இன்னொரு தட்டு எழுப்ப வேண்டும். பதினாலு அடிக்கு மேல் கட்டக்கூடாது என்று மாநகராட்சி விதி. அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். கல்லிச் சந்தோ மூன்றடி அகலம். சாரம் கட்ட இடமில்லை. மேல் பலகையில் குப்புறப் படுத்து நூலை இறக்குவீர்கள். குண்டு ஆடும். கட்டையைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, அது அடங்கும்வரை அசையாமல் இருப்பீர்கள். கீழே நிற்பவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அரை நூல் வெளியே இருக்கு" என்பார். அரை நூல் என்றால் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. அதற்காக ஒரு வரிசைச் செங்கலைத் தட்டிச் சரிசெய்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

இப்போது ஒரு கேள்வி. திருநெல்வேலிச் சீமையில் உங்கள் தாத்தா ஒரு சுவர் கட்டினார். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறி வந்து நீங்கள் தாராவியில் ஒரு சுவர் கட்டினீர்கள். இரண்டும் தூக்குச் சுத்தம், ஒரு நூல் பிசகில்லை. இரண்டு சுவரும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்குமா?

இருக்காது. சுமார் பதினொரு டிகிரி சாய்ந்திருக்கும். ஏனென்றால் பூமி உருண்டை. குண்டு பார்ப்பது அதன் நடுவை நோக்கி. திருநெல்வேலியின் 'கீழே' வேறு, தாராவியின் 'கீழே' வேறு. சரி, அந்தச் சாய்வை எப்படிப் பிடிப்பது? இரண்டு ஊரிலும் நின்று பார்க்கக்கூடிய, ஆடாத அசையாத ஒரு புள்ளி வேண்டும். அதற்குத்தான் நட்சத்திரம்.

துருவ நட்சத்திரம் திருநெல்வேலியில் வடக்குத் தொடுவானத்துக்கு மேலே ஒன்பது டிகிரி உயரத்தில் நிற்கும். தாராவியில் பத்தொன்பது. (இந்தப் பத்து டிகிரி, சாய்வின் வடக்கு-தெற்குப் பங்கு மட்டும்; மீதி கிழக்கு-மேற்கு விலகல்.) கையை நேராக நீட்டி முஷ்டி மடக்கினால், அந்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழப் பத்து டிகிரி. ஆக, ரயிலேறி வந்த நம் சனம் ஒவ்வொருவருக்கும் வடக்கு வானம் ஒரு முஷ்டி ஏறியது, தெற்கு வானம் ஒரு முஷ்டி இறங்கியது. ஊரில் இருபத்தெட்டு டிகிரிக்கு மேல் ஏறிப் பிரகாசமாக நிற்கும் அகத்தியர் நட்சத்திரம் இங்கே பதினெட்டோடு நின்றுவிடும். திரிசங்கு என்று நம் பெரியவர்கள் சொன்ன சிலுவைக் கூட்டத்தின் அடி நட்சத்திரம் இங்கே எட்டு டிகிரியைக்கூடத் தொடாது. மாஹிம் பக்கத்துப் புகையும் வெளிச்சமும் அதை விழுங்கிவிடும். ஊரை விட்டு வந்ததில் போனது என்னென்ன என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

குண்டின் கனமும் மாறியது. பூமி சரியான உருண்டை இல்லை. நடுக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கிறது; சுழல்வதும் அங்கேதான் வேகம். அதனால் நடுக்கோட்டிலிருந்து விலக விலக ஈர்ப்பு கூடும். திருநெல்வேலியில் ஐம்பது கிலோ காட்டும் சிமென்ட் மூட்டையை, அதே ஸ்பிரிங் தராசோடு இங்கே கொண்டுவந்து தொங்கவிட்டால் இருபது கிராமுக்குச் சற்று மேல் அதிகம் காட்டும். சுமக்கிற முதுகுக்குத் தெரியாது. கருவிக்குத் தெரியும்.

குண்டும் நட்சத்திரமும் சேர்ந்து செய்த பெரிய காரியத்துக்கு வருகிறேன். அது தொடங்கியது நம் தமிழ்நாட்டில். 1802-ல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கம் தரையில் ஒரு கோடு அளந்தார். அந்தக் கோட்டை அடியாக வைத்து முக்கோணம், அந்த முக்கோணத்தின் மேல் இன்னொரு முக்கோணம் என்று குமரி முனை வரைக்கும், பிறகு வடக்கே இமயமலை அடிவாரம் வரைக்கும் நாட்டை அளந்துகொண்டே போனார்கள். கோணம் பார்க்க அவரிடம் இருந்த தியோடலைட் அரை டன் கனம். லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்துக்கொண்டு போய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பிய கருவி அது. 1808-ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கோயில் சுவரில் மோதிச் சப்பையாகிவிட்டது. பாரம் தூக்கும்போது கயிறு அறுந்தால் என்ன கதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, பொறுமையாகத் தட்டித் தட்டி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். அந்த வேலையிலேயே கிடந்து 1823-ல் இறந்தார். இறந்த இடம் நம் மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட். கயிறு இழுத்தவர்கள், மூங்கில் மேடை கட்டியவர்கள், புலிக்காட்டில் காய்ச்சலில் செத்தவர்கள் பெயரெல்லாம் புத்தகங்களில் இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

முக்கோணம் சரியா என்று சோதிக்க அவர்கள் வைத்திருந்த வழிதான் தூக்குக்குண்டு. ஓர் ஊரில் குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலுக்கு நேர் மேலே, உச்சி வானத்தைக் கடக்கும் நட்சத்திரம் எத்தனை கோணம் தள்ளிப் போகிறது என்று அளப்பார்கள். அடுத்த ஊரில் அதே நட்சத்திரத்தை அதே போல அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இரண்டு ஊருக்கும் இடையே பூமி வளைந்த அளவு. தரையில் போட்ட முக்கோணக் கணக்கும் வானத்தில் பார்த்த நட்சத்திரக் கணக்கும் ஒன்றாக வர வேண்டும்.

ஓரிடத்தில் வரவில்லை. டெல்லிக்கு வடக்கே கலியானா, மத்தியப் பிரதேசத்தில் கலியான்பூர். இரண்டுக்கும் நடுவே அறுநூறு கிலோமீட்டர். லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் அளந்தபோது இரண்டு கணக்குக்கும் இடையே ஐந்தேகால் விகலை இடித்தது. ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டால் ஒரு பங்குதான் விகலை. உங்கள் கணக்கில் சொல்கிறேன்: பத்தடிச் சுவர் ஐந்தேகால் விகலை சாய்ந்தால், உச்சியில் அது ஒரு நூலில் நாற்பதில் ஒரு பங்கு. எந்த மேஸ்திரியும் "விட்டுத் தள்ளு" என்பார். ஆனால் தரையில் அது சுமார் 160 மீட்டர். அவ்வளவு கவனமாக அளந்தவர்களுக்கு அது பெரிய பிசகு.

கொல்கத்தாவில் ஜான் பிராட் என்று ஒரு பாதிரியார் இருந்தார், கணக்கில் புலி. அவர் சந்தேகப்பட்டது குண்டை. வடக்கே இமயமலை இருக்கிறது. அவ்வளவு பெரிய கல் குவியல் குண்டைத் தன் பக்கம் இழுக்காதா? நூல் நேரே கீழே தொங்காமல் மலைப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். சாய்ந்த நூலை வைத்து நட்சத்திரத்தை அளந்தால் கணக்கு பிசகத்தானே செய்யும்? 1855-ல் மலையின் மொத்தக் கல்லையும் கணக்கில் கொண்டு, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று பார்த்தார். கிட்டத்தட்டப் பதினாறு விகலை வந்தது. பிசகு ஐந்தேகால்தான். அதாவது மலை இழுக்கிறது, ஆனால் இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கிறது.

இதற்கு விடை சொன்னவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளர். மலை தரைக்கு மேலே வைத்த வெறும் பாரம் இல்லை என்றார் அவர். அதற்கு அடியில் ஆழமாக ஒரு வேர் இறங்கியிருக்கிறது; அந்த வேர் சுற்றியிருக்கும் கனத்த பாறையைவிட லேசானது; மேலே கூடிய பாரம் கீழே குறைந்த பாரத்தால் ஈடாகிவிடுகிறது. இன்றைக்கும் புவியியலில் இது அடிப்படைப் பாடம். யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. நூலும் குண்டும் நட்சத்திரமும் போதுமாக இருந்தன. அஸ்திவாரம் பார்க்காமல் சுவரைப் பார்த்தே அஸ்திவாரத்தைச் சொல்கிற மேஸ்திரிகள் நம்மிடம் உண்டு அல்லவா? அந்த ரகம்.

நம் இரண்டு ஊரும் இந்தக் கணக்கில் வித்தியாசமானவை. குமரிக்குத் தெற்கே, இலங்கையைத் தாண்டிய கடலில், உலகத்திலேயே ஈர்ப்பு மட்டம் மிகத் தாழ்ந்த பள்ளம் இருக்கிறது. அங்கே கடல் மட்டம், கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட 106 மீட்டர் கீழே. கப்பலில் போகிறவருக்கு எதுவும் தெரியாது. கப்பலுக்கும் அதே 'மட்டம்'தானே. 1948-லேயே கண்ட பள்ளம் அது. பூமியின் ஆழத்தில் உள்ள சூடான, லேசான பாறையே காரணம் என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் இருவர் 2023-ல் விளக்கம் சொன்னார்கள். மும்பை நேர் எதிர். ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன் எரிமலைக் குழம்பு பொங்கிப் படிந்த இடம் இது. அந்தக் கருங்கல்லின் கனத்த பகுதி ஆழத்திலும் தங்கிவிட்டதால், இந்தக் கடற்கரையில் ஈர்ப்பு சுற்றுவட்டாரத்தைவிடச் சற்றுத் தூக்கல். பள்ளத்து ஓரத்திலிருந்து கிளம்பி மேட்டுக்கு வந்து குடியேறியவர்கள் நாம்.

இதுவரை நூல் சாயலாம், நட்சத்திர ஒளி மட்டும் நேர் என்று நம்பியே பேசினோம். அந்த நம்பிக்கையும் 1919-ல் போய்விட்டது. அந்த வருஷம் மே 29 அன்று முழுச் சூரிய கிரகணம். சூரியனுக்கு ஓரமாக வரும் நட்சத்திர ஒளியைச் சூரியனின் ஈர்ப்பு ஒன்றேமுக்கால் விகலை வளைக்கும் என்று ஐன்ஸ்டீன் சொல்லியிருந்தார். பிரேசிலில் சோப்ராலிலும் ஆப்பிரிக்கக் கரைத் தீவான பிரின்சிப்பேயிலும் இருந்து படம் எடுத்துப் பார்த்தார்கள். தீவுக்குப் போனவர் ஆர்தர் எடிங்டன் என்ற வானியலாளர். ஒளி வளைந்திருந்தது. பத்தடிச் சுவரில் அது ஒரு நூலில் நூற்றிருபதில் ஒரு பங்குகூட வராது. இமயமலை குண்டை இழுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் சூரியன் ஒளியை வளைத்தது என்றால், எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் பூமியும் வளைக்கும். பூமியை உரசிக்கொண்டு போகும் ஒளியை ஒரு விகலையில் சுமார் 1700-ல் ஒரு பங்கு வளைக்கும். இன்றைய விண்கலங்கள் அதையும் கழித்துத்தான் நட்சத்திரத்தின் இடத்தைக் குறிக்கின்றன.

இந்தக் கதையிலும் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. கொடைக்கானல் வான்நோக்கு நிலையத்தின் இயக்குநர் ஜான் எவர்ஷெட் 1922-ல் கிரகணம் பார்க்க ஆஸ்திரேலியாவின் வல்லால் கடற்கரைக்குக் கருவிகளைக் கொண்டுபோனார். கருவி கைகொடுக்கவில்லை, அதே கரையில் முகாம் போட்ட அமெரிக்கர்கள் வெற்றியோடு திரும்பினார்கள். தொழிலில் இதெல்லாம் நடக்கும். சூரிய ஒளியின் நிறக்கோடுகள் ஈர்ப்பினால் சிவப்புப் பக்கம் நகர்கின்றனவா என்பதை அவர் கொடைக்கானலிலேயே வருஷக்கணக்கில் அளந்து, கடைசியில் ஐன்ஸ்டீன் பக்கமே வந்து சேர்ந்தார்.

பம்பாய்க்கும் பங்கு உண்டு; எனக்கு மிகப் பிடித்தது அதுதான். 1930 ஜூலை 31 அன்று இந்த ஊர்த் துறைமுகத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த 19 வயதுத் தமிழ்ப் பையன் ஒருவன் கப்பலேறினான். இங்கிலாந்தில் மேல்படிப்பு. அம்மாவுக்கு ஊரில் கடும் நோய். போய் வா என்று அனுப்பியவளும் அவள்தான். மறுபடி அவளை அவன் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் இறந்துபோனாள். மழைக்கால அரபிக்கடல் கப்பலைப் புரட்டி எடுத்தது. கடல் அடங்கியபின் அவன் காகிதம் எடுத்து, எரிந்து முடிந்த நட்சத்திரம் தன் பாரத்தைத் தானே எவ்வளவு வரைக்கும் தாங்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்தான். ஒரு தூண் எத்தனை தட்டுத் தாங்கும் என்று நீங்கள் யோசிப்பது போலத்தான். பிறகு திருத்தமாகப் பார்த்ததில், சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் போனால் தன் ஈர்ப்பிலேயே உள்ளே சரிந்துவிடும் என்று வந்தது. 1935-ல் லண்டன் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, எழுந்து கேலி செய்தவர் அதே எடிங்டன். ஒளி வளைவதை ஒப்புக்கொண்ட பெரியவருக்கு நட்சத்திரம் சரிவதை ஒப்ப மனம் வரவில்லை. பையனின் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது. கப்பலில் போட்ட கணக்குக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருப்பு. எடிங்டனின் கேலிதான் முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதற்கும் பங்கு இருந்தது என்றே நினைக்கிறேன்.

சந்திரசேகருக்குச் சர். சி. வி. ராமன் சித்தப்பா, படித்த குடும்பம், ஸ்காலர்ஷிப், கப்பல் டிக்கெட். நம் கல்லியில் அதெல்லாம் இல்லை, தெரியும். "வானத்தைப் பார்த்தா அடுப்பு எரியுமா?" என்று என்னிடம் ஒரு அண்ணாச்சி கேட்டார். எரியாது. ஆனால் உங்கள் மகன் பள்ளியில் 'ஈர்ப்பு' என்ற பாடத்தை ஏதோ நியூட்டன் வீட்டு விவகாரம் போல மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறான்; அதே ஈர்ப்பை வைத்துத் தினம் கூலி வாங்கும் மனிதர் அதே வீட்டில் களைத்துப்போய்ப் படுத்திருக்கிறார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே கேட்கிறேன். வரும் பிப்ரவரியில் ஒரு ராத்திரி, ஒன்பது ஒன்பதரை வாக்கில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு மாடிக்குப் போங்கள். தெற்கே பாருங்கள். வானத்திலேயே அதிகம் மின்னும் சிரியஸ் பாதி உயரத்துக்கு மேலே இருக்கும். அதற்குக் கீழே, தொடுவானத்துக்கு இரண்டு முஷ்டி உயரத்தில், அகத்தியர். வடக்கே பாந்த்ரா-குர்லா வளாகத்து (பிகேசி) கண்ணாடிக் கட்டடங்களின் வெளிச்சம் தொந்தரவு செய்யும். கையால் மறைத்துக்கொண்டால் தெளிவான ராத்திரியில் துருவ நட்சத்திரமும் அகப்படும். பிள்ளையின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து, அதன் நடு ஓட்டையில் நூல் கட்டி, உங்கள் குண்டைத் தொங்கவிடுங்கள். கோணமானியின் நேர் விளிம்பு வழியே பிள்ளை துருவ நட்சத்திரத்தைப் பார்க்கட்டும். நூல் 90-லிருந்து எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறது என்று நீங்கள் படியுங்கள். ஊருக்குப் போகும்போது அதையே மறுபடி செய்யுங்கள். பத்து டிகிரி குறைந்திருந்தால் பூமி உருண்டை என்று இருவரும் சேர்ந்து அளந்துவிட்டீர்கள்.

மாடி என்றதும் இன்னொன்று. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் (எஸ்ஆர்ஏ) எழுந்த கட்டடங்கள் பலவற்றில் மொட்டைமாடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை யாரோ வைத்திருக்கிறார்கள். புது வீடு பற்றிக் கூட்டங்களில் பேசும்போது சதுரடியோடு சேர்த்து மொட்டைமாடி பிள்ளைகளுக்குத் திறந்திருக்குமா என்றும் கேளுங்கள். ஏழு மாடி உயரம் சும்மா இல்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பவுண்ட், ரெப்கா என்ற இருவர் 1960-ல் இருபத்திரண்டரை மீட்டர் உயரக் கோபுரத்துக்குள்ளேயே, ஒளியும் ஈர்ப்பில் 'விழுகிறது' என்று அளந்து காட்டினார்கள். ஏழு மாடிக் கட்டடத்தின் உயரம்தான் அது.

வொர்லியில் நேரு கோளரங்கம் 1977-லிருந்து இருக்கிறது. மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. நாட்டின் வானியல் ஒலிம்பியாட் போட்டிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருவது அங்கேதான். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளையொட்டி அறிவியல் நிறுவனங்கள் பொதுமக்களுக்குக் கதவு திறப்பது வழக்கம். முன்கூட்டி விசாரித்துக்கொண்டு, ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று கூட்டிப்போங்கள். தூரமில்லை. சயான் ஸ்டேஷனில் ஏறி, குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் மாறினால் மான்கூர்ட்.